60 வயதாகிவிட்டதா? பேருந்து, ரயில் அரைக் கட்டணத்தைப் பெறும் வழி

60 வயதை எட்டிய மலேசியக் குடிமக்களுக்கும், சமூக நலத் துறையில் பதிவு பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்து, கேடிஎம் ரயில் ஆகியவற்றில் 50 விழுக்காடு கட்டணக் கழிவு உண்டு. ஆனால், பிறந்தநாள் வந்ததும் இச்சலுகை தானாக வந்து சேர்வதில்லை. ரயில் நிலையத்தின் தானியங்கிக் கதவுக்குப் பயணியின் வயது தெரியாது. அவர் தொடும் அட்டை என்ன சொல்கிறதோ அந்தக் கட்டணத்தையே அது கழிக்கும். எனவே, எந்தச் சேவைக்கு எந்த அட்டை, எங்கே பதிவு, எதைக் கையில் கொண்டுசெல்வது ஆகிய மூன்றையும் தெரிந்தவருக்கே அரைக் கட்டணம் கிடைக்கிறது.

இது சில்லறைக் காசு விவகாரமாகத் தோன்றலாம். அரசு கிளினிக்கில் வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். மூத்த குடிமக்களிடம் அதுவும் வாங்கப்படுவதில்லை. அங்கே போய்வரும் செலவுதான் பெரியது. நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என மாதந்தோறும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய முதியவர் கையில் பணம் இல்லாத மாதத்தில் முதலில் தவிர்ப்பது பயணத்தைத்தான். பயணம் தவறினால் மருந்தும் தவறும்.

யாருக்குச் சலுகை?

மலேசியாவில் மூத்த குடிமக்கள் என்பதற்கான வயது 60. 1982இல் வியன்னாவில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் சபையின் முதுமை குறித்த உலக மாநாடு கொண்ட வரையறையை ஒட்டியே நாட்டின் முதியோர் கொள்கை இந்த வயதை ஏற்றது.

இதில் இரண்டு இடங்களில் குழப்பம் ஏற்படுகிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுக்கலாம் என்பதால், அந்த வயதிலேயே பயணச் சலுகையும் தொடங்கிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை, இன்னும் 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பிறந்த தேதி. மைகாட் எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாளைக் குறிக்கின்றன. முகப்பில் இருப்பவர் அதைத்தான் பார்ப்பார். தோட்டங்களில் பிறந்த பழைய தலைமுறையினர் சிலருக்குப் பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததால், அட்டையில் உள்ள வயது உண்மை வயதைவிடக் குறைவாக இருக்கும். அவர்களுக்கும் அட்டையில் உள்ள தேதியே கணக்கு.

மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பு இல்லை. அவர்களுக்கு வேண்டியது ஓகேயு அட்டை. மருத்துவரின் கடிதத்தையோ கையிலுள்ள ஊன்றுகோலையோ காட்டிச் சலுகை கேட்க முடியாது.

ரேபிட் கேஎல்: சாதாரண அட்டையைத் தொட்டால் முழுக் கட்டணம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், சன்வே பிஆர்டி, ரேபிட் கேஎல் பேருந்து ஆகியவற்றைப் பிரசரானா நிறுவனம் நடத்துகிறது. இவை அனைத்துக்கும் ஒரே சலுகை அட்டை போதும். மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள் என மூன்று பிரிவினருக்கு இந்த அட்டை வழங்கப்படுகிறது. பெரிய நிலையங்களில் உள்ள வாடிக்கையாளர் சேவை முகப்பில் மைகாட்டைக் காட்டி விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் ஓகேயு அட்டையையும் கொண்டுசெல்ல வேண்டும்.

பலர் தவறவிடுவது இங்கேதான். மகனோ மகளோ வாங்கிக் கொடுத்த சாதாரண ‘டச் அண்ட் கோ’ அட்டையைக் கதவில் தொட்டால், 75 வயதானாலும் முழுக் கட்டணம்தான் கழியும். அந்த அட்டையில் வயது குறித்த பதிவு இல்லை. கட்டணம் கழிந்த பிறகு முகப்பில் போய்க் கேட்பதைவிட, முதலிலேயே சலுகை அட்டைக்கு மாறுவதே வழி. அட்டை கைக்கு வராத நிலையில் பயணம் செய்ய நேர்ந்தால், இயந்திரத்தில் டோக்கன் வாங்குவதற்கு முன் முகப்பில் மைகாட்டைக் காட்டிச் சலுகை கேட்பது நல்லது.

சலுகை அட்டை, பெயருக்கு உரியவர் மட்டும் பயன்படுத்துவதற்கானது. தாத்தாவின் அட்டையில் பேரன் பயணம் செய்தால், சோதனையில் சிக்குவதோடு அட்டையையும் இழக்க நேரிடலாம். கணவன், மனைவி இருவரும் 60 வயதைக் கடந்தவர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று ‘ஓகேயு ஸ்மைல்’ என்ற பயண அட்டையும் ரேபிட் கேஎல் சேவையில் உண்டு. அரைக் கட்டண அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே இதைப் பெயர் சொல்லிக் கேட்டு, அப்போதைய நிபந்தனைகளை அறிந்துகொண்டு, தமக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

கேடிஎம்: டிக்கெட் வாங்கும்போதே சொல்ல வேண்டும்

தோட்டப்புற மக்களுக்கு எல்ஆர்டியைவிடப் பயன்படுவது கேடிஎம். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் செல்லும் கொமியூட்டர் தடத்தில் கோல குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் ஆகிய நிலையங்கள் உள்ளன. பத்துமலையிலிருந்து பூலாவ் செபாங் செல்லும் தடத்தில் நீலாய், லாபு, சிரம்பான், ரெம்பாவ் உள்ளன. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர்கள் இவை.

கொமியூட்டர், இடிஎஸ், இன்டர்சிட்டி ஆகிய மூன்றிலும் மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரைக் கட்டணம். முகப்பில் டிக்கெட் வாங்குவோர் ஊர்ப்பெயரைச் சொல்வதற்கு முன் மைகாட்டை நீட்டுவது நல்ல பழக்கம். கேடிஎம் செயலி அல்லது இணையம்வழி வாங்கும்போது பயணியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். அங்கே ‘பெரியவர்’ என்பதற்கான வகையை அழுத்திவிட்டால் முழுக் கட்டணம்தான் காட்டும். ‘வார்கா எமாஸ்’ அல்லது ‘ஓகேயு’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் கைப்பேசியில் டிக்கெட் எடுக்கும் வீடுகளில் கவனிக்க வேண்டியது இது.

ரயிலில் பரிசோதகர் வரும்போது, சலுகை டிக்கெட்டுடன் மைகாட்டையும் ஓகேயு அட்டையையும் காட்ட வேண்டியிருக்கும். கைப்பேசியில் உள்ள படத்தை நம்பி அசல் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டாம்.

ஒரே பயணத்தில் இரண்டு நிறுவனங்கள்

ரவாங் அருகே வசிக்கும் 67 வயதுப் பெண்மணி ஒருவர் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரவாங்கிலிருந்து கொமியூட்டரில் சுங்கை பூலோ வரை வந்து, அங்கே எம்ஆர்டி புத்ராஜெயா தடத்துக்கு மாறலாம். 2023 மார்ச் மாதம் முழுமையாகத் திறக்கப்பட்ட அத்தடத்தில் ‘ஹோஸ்பிடல் கோலாலம்பூர்’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. நகர நடுவில் இறங்கி வாடகைக் கார் பிடிக்கும் செலவு இதனால் மிச்சமாகும்.

பயணியின் பார்வையில் இது ஒரே பயணம். கட்டணக் கணக்கில் இரண்டு. கொமியூட்டர் கேடிஎம் நிறுவனத்துடையது. எம்ஆர்டி ரேபிட் கேஎல் சேவை. ஒன்றில் செய்த சலுகைப் பதிவு மற்றொன்றுக்குத் தானாகப் போவதில்லை. ரவாங்கில் மைகாட்டைக் காட்டி அரைக் கட்டணத்தில் ஏறியவர், சுங்கை பூலோவில் சாதாரண அட்டையைத் தொட்டால் அங்கே முழுக் கட்டணம். ஆகவே, அடிக்கடி இப்படிப் போகிறவர்கள் முதல் பயணத்திலேயே சற்று முன்னதாகப் புறப்பட்டு, இரண்டு இடங்களிலும் சலுகைக்கான ஏற்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது. மருத்துவச் சந்திப்பு உள்ள நாளில் அவசரத்தில் செய்வதைவிட வேறொரு நாளில் செய்வது இன்னும் நல்லது.

அரைக் கட்டணமா, மாதப் பாஸா?

ரேபிட் கேஎல் சேவையில் ‘மை50’ என்ற பாஸ் உள்ளது. மலேசியக் குடிமக்கள் 50 ரிங்கிட் செலுத்தினால், 30 நாள்களுக்கு அதன் ரயில்களிலும் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். கேடிஎம் இதில் சேராது. மூத்த குடிமக்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

கணக்கு எளிது. 50ஐ உங்களுடைய ஒருவழி அரைக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். முழுக் கட்டணம் 4 ரிங்கிட் ஆகும் தூரம் என்றால் அரைக் கட்டணம் 2 ரிங்கிட். 50ஐ 2ஆல் வகுத்தால் 25. மாதத்தில் 25 முறைக்கு மேல் ஏறினால் மாதப் பாஸ் இலாபம். குறைவாக ஏறினால் அரைக் கட்டணமே இலாபம்.

வாரம் 3 முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் சிறுநீரக நோயாளி 30 நாளில் ஏறத்தாழ 13 முறை போய்வருவார். அது 26 ஒருவழிப் பயணங்கள். மேற்சொன்ன தூரத்துக்கு அரைக் கட்டணத்தில் 52 ரிங்கிட் ஆகும். பாஸ் 2 ரிங்கிட் குறைவு. அதே நோயாளியின் முழுக் கட்டணம் 3 ரிங்கிட் என்றால் அரைக் கட்டணத்தில் 39 ரிங்கிட்தான் ஆகும். அவர் பாஸ் வாங்கினால் 11 ரிங்கிட் நட்டம். பேருந்து ஏறி ரயிலுக்கு மாறுகிறவர்கள் இரண்டு கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாதம் ஒரு முறை மட்டும் மருத்துவமனைக்குப் போகிறவருக்குப் பாஸ் தேவையே இல்லை.

ஓகேயு அட்டையைப் பெறுவது எப்படி?

மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லாச் சலுகைகளுக்கும் வாசல் இந்த அட்டைதான். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நலத் துறை இதை வழங்குகிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. செவித்திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என 7 பிரிவுகள் உள்ளன.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாரம் பெற்று, மருத்துவரிடம் பரிசோதனையும் சான்றும் பெற்று, மைகாட் நகல், புகைப்படம் ஆகியவற்றுடன் ஒப்படைக்க வேண்டும். குழந்தையாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் அல்லது மைகிட் வேண்டும். இணையம்வழி விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

இங்கே நோயின் பெயரைவிட, அந்நோயால் உடலில் நிலையாக ஏற்பட்ட குறைபாடே பார்க்கப்படுகிறது. நீரிழிவு இருப்பதால் மட்டும் ஒருவருக்கு இந்த அட்டை கிடைக்காது. நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர் உடல் குறைபாட்டுப் பிரிவிலும், பார்வை இழந்தவர் பார்வைப் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கும் இதே வழி. நீரிழிவு அதிகம் உள்ள நம் சமூகத்தில், காலை இழந்த பிறகும் ‘நான் நோயாளிதான், ஊனமுற்றவன் இல்லை’ என்று பதிவு செய்யாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறொரு தயக்கம். ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் இப்பிரிவில் வருவார்கள். அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடுமோ என்ற அச்சம் சில வீடுகளில் உண்டு. பதிவு கட்டாயமில்லை, முடிவு பெற்றோருடையது. ஆனால் பயணக் கட்டணம் மட்டுமன்றி, சமூக நலத் துறையின் உதவித்தொகைக்கும் அரசு மருத்துவமனைச் சலுகைக்கும் இந்த அட்டையே அடிப்படை என்பதை அறிந்து முடிவெடுப்பது நல்லது.

மற்ற பேருந்துகளில்

2015இல் கங்கார், ஈப்போ, சிரம்பான் ஆகிய நகரங்களில் தொடங்கிய உள்ளூர்ப் பேருந்துத் திட்டம் இன்று ‘பஸ்.மை’ என்ற பெயரில் ஓடுகிறது. இதில் பயணிகள் குறைந்தாலும் சேவை நிற்காமல் இருக்க, பேருந்து ஓடும் தூரத்துக்கு ஏற்ப நடத்துநருக்கு அரசு பணம் தருகிறது. மூத்த குடிமக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதில் பொதுவாக அரைக் கட்டணம். ஏறும்போதே ஓட்டுநரிடம் மைகாட்டைக் காட்ட வேண்டும்.

கோலாலம்பூரில் 2012 முதல் ஓடும் கோ கேஎல் பேருந்தும், சிலாங்கூரில் 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிலாங்கூர் பேருந்தும் கட்டணமில்லாச் சேவைகளாகவே தொடங்கப்பட்டவை. இவை போகும் வழியில் உங்கள் மருத்துவமனையோ சந்தையோ இருந்தால், அரைக் கட்டணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

வெளியூர் எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை வேறுபடும். கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்களுக்கு மேற்சொன்ன அரைக் கட்டணம் பொருந்தாது.

சிவப்பு அட்டை வைத்திருப்போர்

ரேபிட் கேஎல், கேடிஎம் சலுகைகளில் ‘மூத்த குடிமக்கள்’ என்பதில் உள்ள ‘குடிமக்கள்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. நீல நிற மைகாட் உள்ளவர்களுக்கே அது பொருந்தும். இந்த மண்ணிலேயே பிறந்து, பால் மரம் வெட்டி, பேரன் பேத்தி கண்ட பிறகும் சிவப்பு நிற மைபிஆர் அட்டையுடன் நிரந்தர வசிப்பாளராகவே இருக்கும் முதியவர்கள் நம்மிடையே உள்ளனர். வீட்டில் பிறந்த பிறப்பைப் பதியாதது, சுதந்திரத்துக்குப் பின் உரிய காலத்தில் விண்ணப்பிக்காதது, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதில் பத்திரங்கள் தொலைந்தது எனக் காரணங்கள் பல.

2018ஆம் ஆண்டில், சிவப்பு அடையாள அட்டையுடன் 60 வயதைக் கடந்த 3,000க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. இன்னும் தீராத விண்ணப்பம் உள்ளவர்கள் தேசியப் பதிவிலாகாவில் தங்கள் விண்ணப்பத்தின் நிலையைத் தொடர்ந்து கேட்டுவருவது அவசியம். ரயில் கட்டணத்தில் மிச்சமாகும் 2 ரிங்கிட்டுக்காக மட்டும் அல்ல; முதியவருக்குக் கிடைக்கக்கூடிய மற்ற பல உதவிகளுக்கும் அந்த நீல அட்டையே கேட்கப்படுகிறது.

தோட்டத்துக்குள் பேருந்து வராவிட்டால்?

கட்டணச் சலுகை, பேருந்து இருக்கும் இடத்தில்தான் பயன்படும். பல தோட்டங்களில் குடியிருப்பிலிருந்து பெரிய சாலைக்கு வர நடக்க வேண்டும், அல்லது யாராவது மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட வேண்டும். தோட்டத்துச் சாலை நிறுவனத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் பொதுப் பேருந்து உள்ளே வருவதும் எளிதல்ல. அந்த முதல் சில கிலோமீட்டருக்கு ஆகும் செலவு, அதற்குப் பின் வரும் ரயில் கட்டணத்தைவிட அதிகமாக இருப்பதும் உண்டு.

இதைத் தனியாக ஒருவர் தீர்க்க முடியாது. ஒரே கிளினிக்கில் ஒரே நாளில் சந்திப்புக் கேட்டு, நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் நிலையம் வரை வருவது ஒரு வழி. பேருந்துத் தடத்தை நீட்டவோ நிறுத்தம் அமைக்கவோ, ஆலயக் குழு அல்லது குடியிருப்போர் பெயரில் எழுத்துவழிக் கோரிக்கை அனுப்பலாம். நிறுத்தத்துக்கு ஊராட்சி மன்றம், தடத்துக்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆபாட், இரண்டுக்கும் துணையாகச் சட்டமன்ற உறுப்பினர். எத்தனை முதியவர்கள், எந்தக் கிழமை, எந்த நேரம், எங்கே போகிறார்கள் என்ற பட்டியல் இணைந்த கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2008ஆம் ஆண்டு சட்டத்தின் 27ஆம் பிரிவு, பொதுப் போக்குவரத்தை மற்றவர்களைப்போல் பயன்படுத்தும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கிறது. ஆனால், மீறுவோருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. அரைக் கட்டணமும் சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. அரசும் நிறுவனங்களும் கொள்கை முடிவாகத் தருவது. அதனால் விதிமுறைகள் மாறக்கூடும்; அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டதால் மாறியவையும் உண்டு. 1996இல் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் எல்ஆர்டி தடத்தில் சக்கர நாற்காலியில் வருவோருக்கு வசதி இல்லை. மாற்றுத்திறனாளிகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பின்னாளில் பழைய நிலையங்களில் மின்தூக்கிகள் பொருத்தப்பட்டன. பிறகு கட்டப்பட்ட எம்ஆர்டி நிலையங்களில் அவை தொடக்கத்திலிருந்தே உள்ளன. இன்று அந்த மின்தூக்கியில் ஏறும் முதியவர்கள் பலருக்கு அது யார் கேட்டதால் வந்தது என்று தெரியாது.

முகப்பில் உதவும் சொற்கள்

தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் அறிவிப்புப் பலகையிலும் முகப்பிலும் எதிர்கொள்ளும் மலாய்ச் சொற்கள் இவை:

* வார்கா எமாஸ் – மூத்த குடிமக்கள்
* ஓராங் குராங் உபாயா, சுருக்கமாக ஓகேயு – மாற்றுத்திறனாளி
* தம்பாங் – பயணக் கட்டணம்
* கொன்செசி – சலுகை
* பெஜாபாட் கித்மாட் பெலாங்கான் – வாடிக்கையாளர் சேவை அலுவலகம்
* பெஜாபாட் கெபாஜிகான் மஷாராகாட் – சமூக நல அலுவலகம்

புறப்படும் முன்

* அசல் மைகாட், ஓகேயு அட்டை இரண்டும் பையில் இருக்கட்டும்.
* ரேபிட் கேஎல் சலுகை அட்டையையும் வேறு அட்டையையும் ஒரே உறையில் வைக்க வேண்டாம். கதவு எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.
* முதல் பயணத்தில் எவ்வளவு கழிந்தது என்று கதவின் திரையில் பாருங்கள். வழக்கமான கட்டணத்தில் பாதி இல்லையென்றால் அன்றே முகப்பில் கேளுங்கள்.
* துணைக்கு வருபவர் 60 வயதுக்குக் குறைந்தவர் என்றால், அவருடைய கட்டணத்தைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 59 வயதானவர் இருந்தால், அடுத்த பிறந்தநாளை இப்போதே நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். அந்த வாரத்தில் பிள்ளைகள் யாராவது ஒருவர் அரை நாள் ஒதுக்கி, அம்மாவையோ அப்பாவையோ நிலைய முகப்புக்கு அழைத்துச் சென்றால் வேலை முடிந்துவிடும். அதற்குப் பின் ஒவ்வொரு பயணத்திலும் பாதிப் பணம் அவர்கள் கையில் மிஞ்சும்.